ஆட்சி போனதைச் சொல்லாத வீடு

“கதவைச் சாத்திப்போட்டு வா” என்றார் மதாம் லூர்து.

வியாழக்கிழமை காலை. என் கையில் அவருடைய சாப்பாட்டுத் தட்டு. வாட்டிய பாண் இரண்டு துண்டு, ஒரு கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சி, பால் கூடிய கோப்பி. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் தலைசீவி, கம்பளிச் சட்டை போட்டு, யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை நடந்து இரண்டு கிழமைதான். அப்படி நிமிர்ந்திருப்பது எவ்வளவு நோவென்று எனக்குத் தெரியும்.

“ஜோசே எங்க?”

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். “லொறியோட வன்கூவர் பக்கம் போயிருக்கிறார், மதாம். மலைப்பக்கத்தில போன் எடுக்காது.”

அவர் கோப்பியைத் தொடவில்லை.

“முந்தநாள் என்ர மகள் இதைத்தான் சொன்னவள். நேற்று இங்க வேலை செய்யிற மற்றப் பிள்ளை சொன்னவள். இண்டைக்கு நீ. மூண்டு பேரும் ஒரே சொல். மலைப்பக்கம், போன் எடுக்காது. மூண்டு பேர் ஒரு விசயத்தை ஒரே சொல்லால சொன்னால் அது பொய், றீற்றா. எனக்கு அந்த வேலை தெரியும். ஒரு வருசத்துக்கு மேல நான் அதைச் செய்தனான்.”

அவருடைய மகன் ஜோசே ஞாயிற்றுக்கிழமையே இறந்துவிட்டார். துறைமுக வாசலில் கொள்கலன் ஏற்றக் காத்திருந்தபோது லொறிக்குள்ளேயே மாரடைப்பு. அந்த முதியோர் இல்லத்தில் எங்கள் மாடியில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

கதிரை

மருந்துத் தொழிற்சாலை வேலையை விட்டு நான் முதியோர் பராமரிப்புப் படிக்கப் போன கதையைச் சென்ற வாரங்களில் எழுதியிருந்தேன். படித்து முடித்ததும் வேலை கிடைத்தது புவாண்ட்-கிளேரில், ஒரு முதியோர் இல்லத்தில். எங்கள் வீடு இருக்கும் சென்ட் லோரன்டிலிருந்து இரண்டு பஸ். முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, உணவு கொடுத்து, நடக்கப் பழக்குவது எங்கள் வேலை.

முதல் கிழமையே மதாம் லூர்துவைக் கட்டிலிலிருந்து இறக்கும்போது அவர் கையை நீட்டி, “கதெய்ரா, கதெய்ரா” என்று அவசரப்பட்டார். நான் யோசிக்காமல் தமிழில், “கதிரையோ?” என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றோம்.

அவர் போர்த்துக்கேயர். அன்று முழுவதும் அந்த அறையிலிருந்த பொருட்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னோம். மேசை. அலுமாரி. யன்னல். சாவி. சப்பாத்து. ஒவ்வொன்றுக்கும் அவர் கைதட்டினார்.

“எங்கட சொல்லெல்லாம் உன்னட்ட எப்பிடி வந்தது?”

“உங்கட ஆக்கள் எங்கட மன்னாரில நூறு வருசம் இருந்தவை, மதாம். கோட்டையும் கட்டினவை.”

“பள்ளிக்கூடத்தில அதைப் பெருமையாத்தான் படிப்பிச்சவை” என்றார். “அங்க ஆர் ஆர் செத்தவை எண்டு படிப்பிக்கேல்ல.”

எங்களுக்குப் பொதுவான மொழி பிரெஞ்சு. இரண்டு பேருடையதும் ஓட்டைப் பிரெஞ்சு. அதனால் அவர் பேசியதை இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் எனக்குள் அப்படித்தான் கேட்கிறார்.

அதே கிழமை, அவரைக் கதிரையில் அமர்த்திக் காலுக்குப் போர்வை சுற்றும்போது, சாதாரணமாக ஒரு விடயம் சொன்னார். “எங்கட நாட்டை ஆண்ட மனிசனும் ஒரு கதிரையால விழுந்துதான் முடிஞ்சவர். விழுந்தாப் பிறகு அவற்ற வீட்டுக் குசினியில சமையலுக்கு உதவியா நான் வேலை செய்தனான்.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்த இலையுதிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

சத்தம் போடாத மனிதர்

அந்தச் சர்வாதிகாரியின் பெயரை மதாம் லூர்து ஒருநாளும் உச்சரித்ததில்லை. அந்த வீட்டில் பழகியபடி ‘டொக்டர் ஐயா’ என்றே சொல்வார். வைத்தியர் அல்ல, பல்கலைக்கழகப் பேராசிரியர். நானும் பெயரை எழுதவில்லை. அவர் சொல்லாத பெயரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

சர்வாதிகாரி என்றதும் எனக்கு மேடையில் கையை ஓங்கிக் கத்தும் ஒருவர்தான் கண்ணுக்குள் வந்தார். இவர் அப்படி இல்லையாம். மெல்லிய குரல். கூட்டத்தைக் கண்டால் கூச்சம். ஒரு கிராமத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, குருவாகப் போவதற்குக் குருமடத்தில் படித்து, பிறகு அந்த எண்ணத்தை விட்டுப் பொருளாதாரம் படிப்பித்தவர். நாட்டின் கஜானா காலியான நேரத்தில் இராணுவத்தினர் அவரைக் கூப்பிட்டு நிதி மந்திரியாக்கினார்கள். சில வருடங்களில் பிரதமர். அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது வருடம் அவர் அந்தக் கதிரையிலிருந்து எழும்பவே இல்லை.

கலியாணம் செய்யவில்லை. ஆடம்பரம் இல்லை. பழைய சப்பாத்து. அரச மாளிகைக்குப் பின்னால் கோழி வளர்த்தார்கள். ஆபிரிக்காவில் பெரிய பெரிய தேசங்களை விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருந்தவர், அந்த ஆபிரிக்காவை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. இதை மதாம் சொன்ன அன்று பஸ்ஸில் வரும் வழி முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். தான் மிதிக்காத மண்ணுக்காக ஊர்ப் பொடியன்களை எல்லாம் அனுப்ப ஒரு மனிதருக்கு எப்படி முடிகிறது?

“பள்ளிக்கூடத்துச் சுவரில நடுவில சிலுவை” என்றார் மதாம். “அதுக்குப் பக்கத்தில அவற்ற படம். நாங்கள் செபம் சொல்லேக்க கண் ரெண்டு பக்கமும் போகும். சின்னனில எனக்கு ஆர் கடவுள், ஆர் ஐயா எண்டு குழப்பம்.”

இன்னொரு சுவரில் ஒரு வரைபடமாம். ஐரோப்பாவின் மேலே அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் வெட்டி ஒட்டினாற்போல வரைந்திருக்கும். போர்த்துக்கல் எவ்வளவு பெரிய நாடு என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். அந்த வரைபடத்துக்குக் கீழே வெறுங்காலோடு வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் மின்சாரம் இல்லை. அவருடைய தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

“பயமாய் இருந்ததோ?” என்று கேட்டேன்.

“கத்திற ஆளுக்குப் பயமெண்டால் காதைப் பொத்தலாம். கத்தாத ஆளுக்கு என்னத்தைப் பொத்திறது? எங்கட அப்பா வீட்டுக்குள்ளயே குசுகுசுத்துத்தான் கதைப்பார். கோப்பிக் கடைக்காரன் அரசியல் பொலிசுக்குச் சொல்லுவான் எண்டு கதை. சொன்னானோ இல்லையோ தெரியாது. தெரியாததுதான் பயம்.”

பத்திரிகைகளில் வரக்கூடாததை நீலப் பென்சிலால் வெட்டுவார்களாம். எந்தச் செய்தி மக்களுக்குப் போகலாம் என்பதை நாற்பது வருடம் அந்த நீலப் பென்சில் முடிவு செய்தது.

மதாமின் அண்ணன் மனுவேல். ஒரே அண்ணன். இருபது வயதில் அங்கோலாப் போருக்கு ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதத்தில் கடிதம் வந்தது. கோவில் சுவாமியார் வந்து வாசித்துக் காட்டினார். உடலைக் கொண்டுவர வீட்டில் வழி இருக்கவில்லை. அங்கேயே புதைத்தார்கள். எங்கே என்று இன்றுவரைக்கும் தெரியாது.

வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டம். அதே சுவாமியார்தான் அடுத்த வருடம் யார் யாரையோ பிடித்து லிஸ்பனில் ஒரு குசினி வேலை எடுத்துக் கொடுத்தார். போய்ச் சேர்ந்த பிறகுதான் அது யாருடைய வீடு என்று அவருக்குத் தெரிந்தது.

“கோவம் வரேல்லையோ, மதாம்?”

“முதல்ல பயம்தான் வந்தது. கோவம் பேந்து, மெல்ல மெல்ல வந்தது.”

விழுந்த பிறகு

ஒரு கோடைகாலத்தில் கடலோரக் கோட்டையொன்றில் ஓய்வெடுக்கும்போது டொக்டர் ஐயா துணிக் கதிரையில் உட்காரப் போய் விழுந்தார். தலை தரையில் அடிபட்டது. ஒன்றுமில்லை என்று எழும்பிவிட்டார். சில கிழமைகளில் தலைக்குள் இரத்தம் கட்டி, அறுவைச் சிகிச்சை, பிறகு பக்கவாதம். இனிப் பிழைக்கமாட்டார் என்று நினைத்து அவருடைய இடத்தில் வேறொருவரை நியமித்துவிட்டார்கள்.

ஆனால் அவர் பிழைத்துவிட்டார்.

கண் திறந்தவரிடம் ‘நீங்கள் இப்போது பிரதமர் இல்லை’ என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. சொன்னால் இதயம் தாங்காது என்று பயந்தார்கள். பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று நாள் போனது. மாளிகைக்கே திரும்பக் கொண்டுவந்து அதே அறையில் வைத்தார்கள். அந்த மாரிகாலத்தில்தான் பதினெட்டு வயது லூர்து அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

“முதல் நாளே எங்களுக்குச் சொல்லிப்போட்டினம். ஐயா என்ன கேட்டாலும் எல்லாம் நல்லம் எண்டு சொல்ல வேணும். செய்தி நேரத்தில றேடியோவை நிப்பாட்ட வேணும். பழைய மந்திரிமார் வருவினம், இருந்து கதைப்பினம், அவர் ஏதும் சொல்லுவார், அவை தலையாட்டுவினம். நான் கோப்பி கொண்டு போவன். வெளியில வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டினம்.”

அவருக்கென்று தனியாக ஒரு பத்திரிகையே அச்சடித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறதாம். எனக்கு அது பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்டேன். மதாம் தலையை ஆட்டினார். “அப்பிடி ஒண்டையும் நான் காணேல்ல. ஏன் அச்சடிக்க வேணும்? அவர் ஒருத்தரையும் கேள்வி கேட்க விடாத மனிசன். தனக்கும் கேள்வி கேட்கிற பழக்கம் விட்டுப்போச்சு.”

நான் அந்த வீட்டை நினைத்துப் பிரமித்துப்போனேன். இன்றும் அந்தப் பிரமிப்பு போகவில்லை. ஒரு நாடு முழுவதற்கும் எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று முடிவு செய்த மனிதர். அவரைப் பற்றிய ஒரேயொரு செய்தியை அவருடைய குசினியில் பாண் வெட்டிய பெண்கள் ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தார்கள். அவர் இறக்கும்வரை மறைத்தார்கள். அதில் ஒருத்திக்கு அவர் அனுப்பிய போரில் அண்ணன் செத்திருந்தான். அவளும் கோப்பியைச் சிந்தாமல் கொண்டுபோய் வைத்தாள்.

எங்கள் வீட்டுப் பொய்

ஜோசே இறந்த மறுநாள் காலை, பொறுப்பான தாதி எங்களைக் கூப்பிட்டார். மதாமின் மகள் பாத்திமாவும் இருந்தார். அவர்களுக்கு அது மாதாவின் பெயர். கண் வீங்கியிருந்தது. அம்மாவுக்கு இதயம் பலவீனம், இப்போதுதான் வெட்டித் தைத்திருக்கிறார்கள், கொஞ்சம் தேறட்டும், நான் சொல்கிறேன் என்றார். அடக்கம் சனிக்கிழமை. அதற்குப் பிறகு சொல்லலாம். அதுவரைக்கும் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டும்.

நான் தலையாட்டினேன். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது புதிதா?

என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கே இது நடந்தது. மன்னாரில் அம்மா இறந்த அன்று நான் இங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக் கட்டிலில். பத்து நாள் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையைக் காட்ட வேண்டும், அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஊருக்குப் போன் எடுப்பேன். அண்ணைதான் எடுப்பார்.

“அம்மா நித்திரை, பிள்ளை. பேந்து கதைப்பம்.”

அடுத்த நாள், “அம்மா கோயிலுக்குப் போட்டா.” அதற்கடுத்த நாள், “தொண்டை அடைச்சுப்போச்சு அவவுக்கு, கதைக்க ஏலாது.” ஒருநாள் அண்ணையின் குரலுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்து செபமாலை சொல்லும் சத்தம் கேட்டது. என்ன அண்ணை என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் என்றார். நான் நம்பினேன்.

அண்ணை அன்பில்தான் செய்தார். எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் சிரித்துக்கொண்டு பிள்ளையின் படத்தை எல்லோருக்கும் காட்டியதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. அண்ணையோடு முகம்கொடுத்துக் கதைக்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

புதன்கிழமை பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். புதன் ஜோசே வரும் நாள். ஒவ்வொரு புதனும் ஒரு பெட்டியில் முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்ட அவர்களுடைய இனிப்பு கொண்டு வருவார். எனக்கும் ஒன்று எடுத்து வைப்பார். அன்று முழுவதும் மதாம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உனக்கேன் இந்த வீண் வேலை?” என்றார் என் கணவர் அன்ரன். “மகள் இருக்கிறா, நேர்ஸ் இருக்கிறா. அவை பொறுப்பு. நீ வாயைத் திறந்து மனிசிக்கு ஏதும் நடந்தால்? வேலையும் போகும், பழியும் வரும்.”

“மனிசி கேட்டால் என்ன சொல்லிறது?”

“அவை சொல்லச் சொன்னதைச் சொல்லு.”

சரி என்றேன். அவர் சொன்னது நியாயம்தான்.

பத்து அடி

இப்படியாக வியாழக்கிழமை காலை அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

“இரு” என்றார் மதாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“இவ்வளவு நாளும் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன். கேட்டுப்போட்டு நீ முடிவெடு.”

ஒரு பின்னேரம், தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த டொக்டர் ஐயாவுக்கு மதாம் கோப்பி கொண்டு போயிருக்கிறார். வழக்கமாகப் பக்கத்தில் நிற்கும் தாதி ஏதோ எடுக்க உள்ளே போய்விட்டாள். முதல் தடவையாக அவரும் ஐயாவும் தனியே.

எந்த ஊர் பிள்ளை என்று ஐயா கேட்டார். மதாம் சொன்னார். அந்த ஊர்ப் பக்கம் திராட்சை நல்லாக வருமே என்றார் ஐயா. பிறகு, சகோதரங்கள் இருக்கோ?

“ஒரு அண்ணன் எண்டன். எங்க எண்டு கேட்டார். அங்கோலாவில எண்டன். அது பொய்யில்லை, றீற்றா. அவன் அங்கதானே கிடக்கிறான்.”

மதாம் கோப்பியை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

“அப்ப என்ர வாயில எல்லாம் வந்து நிண்டது. அவன் செத்துப்போனான், நீ சாகடிச்சனீ, நீ இப்ப ஒண்டுமில்லை, உனக்குப் பதிலா வேற ஆள் வந்து எத்தினை மாசம், உன்னை எல்லாரும் ஏமாத்துறம். சொல்ல நாலு வசனம் காணும். ஒருத்தரும் பக்கத்தில இல்லை.”

“சொன்னனீங்களோ?”

“அதுக்கு முதல் அவர் எழுதக் கடுதாசி கேட்டார். கோப்பித் தட்டில மடிச்ச கடுதாசி ஒண்டு கிடந்தது, குடுத்தன். பேனை அவற்ற சட்டைப் பையுக்குள்ள. மடியில வைச்சு, கை நடுங்க நடுங்க எழுதினார். அண்ணன்ர பேரைக் கேட்டு எழுதினார். படைப் பிரிவைக் கேட்டு எழுதினார். இவரை உடன வீட்டுக்கு அனுப்ப வேணும் எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொண்டுபோய்க் குடு, உன்ர அம்மா இனி அழத் தேவையில்லை எண்டார்.”

ஆட்சி இல்லாத ஒருவர், உயிர் இல்லாத ஒருவரை வீட்டுக்கு வரும்படி கட்டளை எழுதியிருக்கிறார். அதை வாங்கியவளுக்கு இரண்டும் தெரியும்.

“நன்றி ஐயா எண்டன். வாங்கிக்கொண்டு நடந்தன். தோட்டத்தில இருந்து குசினிக்கு ஒரு நீட்டு விறாந்தை. அதில ஒரு பத்து அடி...” யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “பத்து அடி தூரம் நான் நம்பினன், றீற்றா. மனுவேல் வரப்போறான் எண்டு. அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு நடந்தன். பெரிய மனிசன் கையெழுத்து வைச்சிட்டார், இனி வருவான் எண்டு. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டும் நம்பினன்.”

“பேந்து?”

“குசினிக் கதவடியில ஞாபகம் வந்தது. கடுதாசியை அடுப்புக்குள்ள போட்டன். நான்தான் போட்டன். அண்டைக்கு மனுவேல் எனக்கு ரெண்டாந்தரம் செத்தான். முதல் சாவைவிட அதுதான் கூட நொந்தது.”

யன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் யாரோ கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

“மூண்டு நாளா நான் இந்தக் கட்டிலில இருந்துகொண்டு ஜோசே மலைப்பக்கம் போயிருக்கிறான் எண்டு நம்பப் பாக்கிறன். சிலவேளை பத்து அடி நம்பிறன். பேந்து விழுறன். எனக்கு இதுக்குமேல ஏலாது. அவன் உயிரோட இருக்கிறானோ?”

தாதி சொன்னதும் அன்ரன் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்து செய்ததாக ஒருவரும் நினைக்க வேண்டாம். அண்ணையின் குரலும் அதற்குப் பின்னால் கேட்ட செபமாலையும்கூட ஞாபகம் இருந்தன.

“இல்லை, மதாம்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். “எப்ப?”

“ஞாயிற்றுக்கிழமை. லொறிக்குள்ள. நெஞ்சு வருத்தம். கனநேரம் கஷ்டப்படேல்லையாம்.”

“தனியவோ?”

“பின்னுக்கு நிண்ட லொறிக்காரர் ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம்.”

“அந்த மனிசனுக்குப் பிள்ளையள் நல்லா இருக்கட்டும்” என்றார். பிறகு, “தாட்டாச்சோ?”

“இல்லை. அடக்கம் சனிக்கிழமை.”

அதைக் கேட்டதும்தான் அழுதார். சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். மணி அடித்துத் தாதியைக் கூப்பிட்டேன். தாதி ஓடிவந்து, விளங்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரத்த அழுத்தக் கருவியைச் சுற்றினார். கொஞ்சம் கூடியிருந்தது. வேறொன்றுமில்லை.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். மதாம் முகத்தைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியைக் கேட்டார். மகளுக்கு எடுத்தார். போர்த்துக்கேய மொழியில் ஒரே ஒரு வசனம். என்ன கேட்டீர்கள் என்று பிறகு கேட்டேன்.

“சனிக்கிழமை என்னை எத்தினை மணிக்கு ஏத்த வருவாய் எண்டு கேட்டன்.”

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இல்லத்தின் முகாமையாளர் கத்தவில்லை. மரியாதையாகவே பேசினார். குடும்பத்தின் விருப்பத்தை மீறியிருக்கிறீர்கள், இது கோப்பில் போகும், மதாம் லூர்துவின் மாடியிலிருந்து உங்களை மாற்றுகிறோம் என்றார். உங்கள் பக்க விளக்கத்தை எழுதலாம் என்று ஒரு தாள் தந்தார். எனக்கு எழுத்துப் பிரெஞ்சு வராது. ‘அவர் கேட்டார். நான் பதில் சொன்னேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் இதயத்தைப் பரிசோதித்த வைத்தியர், துணைக்கு ஒருவரோடு போய் வரலாம் என்று விட்டார். துணைக்கு யார் என்று கேட்டதற்கு மதாம் என் பெயரைச் சொன்னார். வேறு எவரும் வேண்டாம் என்றார். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

அன்ரன்தான் பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, “கையுறை எடுத்தனியோ? மனிசிக்கும் ஒரு சோடி கொண்டு போ” என்று தன்னுடையதைக் கழற்றித் தந்தார்.

பாத்திமா காரோடு வந்தார். மதாமை முன்னிருக்கையில் ஏற்றி, சில்லுக் கதிரையை மடித்துப் பின்னால் வைத்தேன். பாத்திமா என் முகத்தைப் பார்க்கவில்லை. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு கண்ணாடி வழியாகச் சொன்னார்.

“உங்களுக்கு அந்த உரிமை இல்லை.”

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு அது விளங்கியிருக்கும்.

“அம்மாவுக்கு ஏதாவது நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஏதாவது நடந்திருந்தால்?”

முன்னிருக்கையிலிருந்து மதாம் சொன்னார். நானும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் பிரெஞ்சில் சொன்னார்.

“நடந்திட்டுது, மகள். என்ர மகன் செத்துப்போனான். நீ றோட்டைப் பாத்து ஓட்டு.”

பாத்திமாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. காரை ஓரமாக நிறுத்தினார். தாய் சாய்ந்து மகளுடைய தலையைத் தன் நெஞ்சோடு பிடித்தார். இடுப்புத் தையல் இழுக்குமே என்று எனக்குப் பதறியது. ஒரு கிழமையாக அந்தப் பிள்ளை அண்ணனுக்காக ஒழுங்காக அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு நாளும் முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டு, சிரித்துக்கொண்டு அல்லவா அந்த அறைக்குள் வந்து போனாள்!

சேமக்காலையில் கல்லறைகளுக்கு இடையே புல்லெல்லாம் ஈரம். இலை உதிர்ந்த மரங்களுக்குக் கீழே லொறிக்காரர்கள் ஒரு முப்பது பேர் வேலைச் சப்பாத்தோடு வந்து நின்றார்கள். ஜோசேயின் கையைப் பிடித்திருந்தவர் எவர் என்று மதாம் கேட்டார். தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னே வந்தார். மதாம் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து, முத்தமிட்டு, கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் குழந்தைபோல அழுதார்.

சுவாமியார் செபித்து முடித்ததும் பெட்டியை இறக்க ஆயத்தமானார்கள். மதாம் என்னையும் பாத்திமாவையும் பார்த்தார்.

“எழுப்புங்கோ.”

“அம்மா, ஏலாது. டொக்டர்...”

“எழுப்பு.”

ஒரு பக்கம் பாத்திமா, ஒரு பக்கம் நான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஒருநாளும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை. எனக்குத் தெரியும், நான்தான் பழக்கியவள். எழும்பினார். அவருடைய பாரம் முழுவதும் என் தோளில் இறங்கியது, பிறகு மெல்ல மெல்ல அந்தப் பாரம் குறைந்தது. குனிய முடியாதென்று பாத்திமா ஒரு பிடி மண் எடுத்து அவர் கையில் வைத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் வாங்கினார்.

மண்ணைப் போட்டார். அது பெட்டியில் விழும் சத்தம் கேட்கும்வரை தலையைச் சரித்துக் காத்திருந்தார்.

“மனுவேலுக்கு ஒருத்தரும் என்னைப் போட விடேல்ல” என்று என் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்.

இனிக் கதிரையில் இருக்கலாம் என்று பாத்திமா சொன்னாள். அவர் கேட்கவில்லை. கூட்டத்தினர் ஒவ்வொருவராக வந்து மண் போட்டு, அவர் முன்னால் தலைகுனிந்து போனார்கள். கடைசி லொறிக்காரரும் போட்டு முடிக்கும்வரை மதாம் லூர்து நின்றுகொண்டே இருந்தார்.